இரண்டு இடது தோள்கள்

சனி, 4 ஜனவரி

அம்மாவின் விண்ணப்பத்தை இன்று நான்தான் தட்டச்சு செய்தேன். பட்டறைத் தலைவர் மிஷல் பிப்ரவரி கடைசியில் ஓய்வு பெறுகிறார். அவர் இடத்துக்கு யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம் என்று கண்ணாடிக் கதவில் ஒட்டியிருந்தார்கள். அம்மா அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் கையுறையைச் சரிசெய்வதுபோல நின்று வாசிப்பாள். நான் பார்த்தது அவளுக்குத் தெரியாது.

எங்கள் பட்டறையில் செயற்கைக்கோள்களுக்குப் போர்வை தைக்கிறோம். மேலே போனால் வெயில் படும் பக்கம் கொதிக்கும், நிழல் பக்கம் உறைந்துபோகும். அதனால் போர்வை வேண்டும். தலைமுடியைவிட மெல்லிய படலம், இருபது அடுக்கு. வெளிப்பக்கம் பொன்னிறம், உட்பக்கம் வெள்ளி. துலூஸ் நகரத்தில் விண்வெளி வேலை செய்யும் பெரிய பெரிய கட்டடங்கள் இருக்கின்றன. நாங்கள் ஒன்பதே பேர், ஒரு கூடம், நான்கு தையல் இயந்திரம். இப்போது தைப்பது கடல் அலைகளின் உயரத்தை அளக்கப்போகும் ஒன்றுக்கு. அதன் பெயரை எங்கும் எழுதக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள், எனவே இங்கேயும் எழுத மாட்டேன். வீட்டில் அதற்குப் பெரியம்மா என்று பெயர். எல்லாரும் அவளுக்காகவே ஓடுகிறோம், அவளோ ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கிறாள் என்று அப்பா வைத்தது.

விண்ணப்பத்தில் 'கடந்து வந்த பாதை' என்று ஒரு பகுதி. அம்மா 2016இல் இருந்து ஆரம்பிக்கச் சொன்னாள்.

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி ஒண்ணுமில்ல."

2010 முதல் 2016 வரை அவள் அதே கட்டடத்தில் தரை துடைத்தாள். எனக்குத் தெரியும். நான் தட்டினேன்.

"இத எதுக்குடி போடுற?"

"ஆறு வருஷம் காலியா இருந்தா, ஜெயில்ல இருந்தியான்னு கேப்பாங்கம்மா."

"ஜெயிலுன்னே போடு பாப்பா. கொஞ்சம் பயப்படுவாங்க," என்றார் அப்பா சமையலறையிலிருந்து. அவர் நகரப் பேருந்து ஓட்டுகிறார். சனிக்கிழமை அவர் சமையல்.

அம்மா அந்த வரியை மூன்று முறை வாசித்தாள். அழிக்கச் சொல்லவில்லை. பிறகு மெல்ல, "புதுச்சேரியில ஐ.டி.ஐ.ல ஒரு வருஷம் படம் வரையப் படிச்சேன். மெஷின் படம். அதையும் போடலாமா?" என்றாள்.

பதினேழு வருடமாக இந்த வீட்டில் இருக்கிறேன். இதை இன்றுதான் கேட்கிறேன்.

"ஏம்மா விட்ட?"

"உங்கப்பா வந்தாரு."

"நான் மட்டுமா வந்தேன்? பிரெஞ்சு பாஸ்போர்ட்டும் கூட வந்துச்சு," என்றார் அப்பா. "அவங்க வீட்ல அதுக்குத்தான் பொண்ணு குடுத்தாங்க. நான் சும்மா கூடப் போனேன்."

போட்டேன். இப்போது அந்தப் பகுதி முழுப் பக்கம் வருகிறது.

செவ்வாய், 7 ஜனவரி

தினமும் எட்டரைக்கு, உடை மாற்றும் அறைக்கு வெளியே நடைபாதையில் ஒன்பது பேரும் வட்டமாக நிற்போம். கதவுப் பக்கத்திலிருந்து ஆரம்பித்து ஒவ்வொருவராக, நேற்றைய வேலையில் சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டும். ஒன்றுமில்லையென்றால் 'எர்-ஆ-எஸ்' என்று மூன்றெழுத்தைச் சொன்னால் போதும். சொல்வதற்கு எதுவுமில்லை என்பதன் சுருக்கம். வேலை பழகும் பயிற்சியாளாக நான் சேர்ந்து நான்கு மாதம். நான்கு மாதமும் எர்-ஆ-எஸ். கதவிலிருந்து மூன்றாவதாக நிற்பேன். முதலில் நின்றால் எல்லாரும் பார்ப்பார்கள், கடைசியில் நின்றால் எல்லாரும் காத்திருப்பார்கள். மூன்றாவது நல்ல இடம்.

மதியம் ஜனவரி மாதத்து அரசர் கேக் வெட்டினார்கள். உள்ளே ஒரு சின்னப் பீங்கான் பொம்மையை வைத்துச் சுடுவார்கள். அது யார் துண்டில் வருகிறதோ அவர் அன்றைக்கு ராஜா, காகித மகுடம் சூட்டிக்கொள்ள வேண்டும். யாரும் பார்த்துப் பங்கு வைத்துவிடக் கூடாது என்பதால், கூட்டத்தில் சின்னவர் மேசைக்கடியில் போய் ஒவ்வொரு துண்டும் யாருக்கு என்று சொல்ல வேண்டும். சின்னவள் நான்தான். மேசைக்கடியில் மிகவும் நன்றாக இருந்தது. அங்கிருந்து ஒன்பது பெயர்களையும் சத்தமாகச் சொன்னேன். "இந்தப் பெண்ணுக்குக் குரல் இருக்குப்பா," என்றான் ழெரோம். அவன் எங்கள் பொறியாளன், முப்பத்தொரு வயது. தலைவர் பதவிக்கு அவனும் விண்ணப்பித்திருக்கிறான்.

பொம்மை என் துண்டில் வந்தது. நீல நிறச் சின்ன மீன். கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டேன்.

எல்லாரும் தின்று முடித்தார்கள். ராஜா இல்லை. தரம் பார்க்கும் கொலெத் தட்டுகளை எண்ணினாள். அவள் வேலையே எண்ணுவதுதான். உடைந்த ஊசியின் முனை கிடைக்காவிட்டால் கூடத்தையே நிறுத்திவிடுவாள். "துண்டு ஒன்பது, பொம்மை பூஜ்யம். மஞ்சள் தாள் எழுதட்டுமா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். மஞ்சள் தாள் என்பது தவறு நடந்தால் எழுதுவது. என்ன நடந்தது, எப்படி நடந்தது என்று இரண்டு கட்டம் இருக்கும். யார் செய்தது என்று கட்டம் கிடையாது. ஆனால் எந்தக் குழுவில் என்று இருக்கும்.

மகுடத்தை நடைபாதையில் கோட்டு மாட்டும் ஆணியில் தொங்கவிட்டாள். "ஆள் ஒப்புக்கொள்ளும்வரை இங்கேயே இருக்கட்டும்."

மீன் இப்போது என் பென்சில் பெட்டியில் இருக்கிறது.

புதன், 8 ஜனவரி

சித்தி புதுச்சேரியிலிருந்து பேசினாள். பட்டறைத் தலைவரைப் பிரெஞ்சில் 'ஷெஃப்' என்போம். அம்மா 'ஷெஃப்' ஆகப்போகிறாள் என்று அப்பா சொன்னதைக் கேட்டு, "அக்கா வைக்கிற குழம்ப அங்க யாரு சாப்பிடுவாங்க?" என்றாளாம்.

வியாழன், 9 ஜனவரி

இன்று முதல்முறையாக நான் தனியாக வெட்டினேன்.

பெரியம்மாவின் ஆன்டெனாவுக்கு இருபுறமும் இரண்டு வளைந்த போர்வைகள் வரும். தோள் என்கிறோம். காலையில் இடது தோள், மதியத்துக்குப் பிறகு வலது தோள். மெல்லிய பிளாஸ்டிக் அச்சை மேலே வைத்து, ஓரம் பிடித்து வெட்ட வேண்டும். பேசத்தான் எனக்கு வராது, கத்தி வரும்.

ஒருவர் வெட்டினால் இன்னொருவர் விரித்துப் பார்த்து இரண்டாவது கையெழுத்துப் போட வேண்டும். வழக்கமாக நதாலி போடுவாள். நேற்று பனிச்சறுக்குப் போய் மணிக்கட்டை உடைத்துக்கொண்டதால் அவள் இல்லை. எங்கள் குழுவுக்கு அம்மாதான் பொறுப்பு என்பதால் அவள் போட்டாள். அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி வந்தது. நேர்காணல் வியாழன் பதினாறாம் தேதி, மூன்று பேர் கொண்ட குழு என்றார்கள். அம்மா ஒரு காதில் அதைக் கேட்டுக்கொண்டே கையெழுத்திட்டாள். என்னைப் பார்த்துக் கண்ணை மூடித் திறந்தாள். நல்ல வெட்டு என்று அர்த்தம்.

நாளை இரண்டையும் தைக்கிறேன். இருபதாம் தேதி பெரிய கூடத்தில் பெரியம்மாவுக்கு மாட்டிப் பார்ப்பார்கள்.

சனி, 11 ஜனவரி

அம்மா நேர்காணலுக்கு ஒத்திகை பார்க்கிறாள். அப்பாவின் சமையலுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டே பிரெஞ்சில் பதில் சொல்கிறாள். அப்பா மூன்று பேராகவும் நடித்தார். குரலை மாற்றி, "மதாம், உங்களுடைய மிகப் பெரிய தவறு என்ன?" என்றார்.

"உங்களக் கட்டிக்கிட்டது."

"அதச் சொன்னா உடனே வேல குடுத்துடுவாங்க."

என்னையும் உட்காரச் சொன்னார்கள். தலைவலி என்றேன்.

மூன்று பேர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பது எனக்குப் பிடிக்காது. அவ்வளவுதான். பள்ளியை விட்டதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பள்ளி போதும் என்று தோன்றியது, விட்டேன்.

ஞாயிறு, 12 ஜனவரி

அடுத்த வாரம் தமிழ்ச் சங்கத்தில் பொங்கல் விழா. அம்மா எனக்கு ரவிக்கை வெட்டினாள். துணியை இரண்டாக மடித்து, கையின் அளவை வரைந்து, ஒரே வெட்டு.

"மடிச்சு வெட்டிட்டா கவலையில்ல பாரு. ஒண்ணு வலது, ஒண்ணு இடது, தானா வந்துடும்," என்றாள்.

படலத்தை மடிக்கக் கூடாது. மடித்த கோடு போகாது. அதனால் ஒரு தோளை வெட்டிய பிறகு, அச்சைக் கவிழ்த்துப் போட்டு அடுத்த தோளை வெட்டுவோம். வியாழக்கிழமை நான் அச்சைக் கவிழ்த்தேன். நன்றாக நினைவிருக்கிறது.

ரவிக்கைக்குப் பச்சைத் துணி. சீக்கிரம் படுத்தேன்.

திங்கள், 13 ஜனவரி

வட்டத்தில்: எர்-ஆ-எஸ்.

மதிய உணவு நேரத்தில் கூடத்தில் யாரும் இல்லை. அலமாரியில் இரண்டு தோள்களும் தனித்தனிப் பையில் சீல் வைத்து இருந்தன. கண்ணாடிபோன்ற பைதான். பார்த்தேன்.

மறைக்காமல் எழுதுகிறேன். வியாழக்கிழமை மதியம் பழைய ரோல் தீர்ந்து புது ரோல் மாட்டினார்கள். பழையது பொன்பக்கம் மேலாக விரியும். புதியது வெள்ளிப்பக்கம் மேலாக விரிந்தது. அதாவது படலம் ஏற்கெனவே கவிழ்ந்திருந்தது. அதன்மேல் நான் அச்சையும் கவிழ்த்தேன். இரண்டு கவிழ்ப்பும் ஒன்றையொன்று தின்றுவிட்டன.

அலமாரியில் இருப்பது இரண்டும் இடது தோள்.

இருபதாம் தேதி மாட்டிப் பார்க்கும்போதுதான் தெரியும். நேர்காணல் பதினாறாம் தேதி. கணக்கு எனக்கும் புரிகிறது. இன்று சொன்னால் வியாழனுக்கு முன் அம்மாவின் குழுமீது மஞ்சள் தாள். கீழே அம்மாவின் கையெழுத்து. மூன்று பேரும் அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்காருவார்கள். எதிரில் ழெரோம் இருக்கிறான். அவன் தாள் சுத்தமாக இருக்கும், டிப்ளமோவும் இருக்கிறது.

அம்மா நேர்காணலுக்கு நீலக் கோட்டை இஸ்திரி போட்டுக் கதவில் தொங்கவிட்டிருக்கிறாள்.

செவ்வாய், 14 ஜனவரி

பொங்கல். ஆறு மணிக்கு மின் அடுப்பில் பால் பொங்கியது. புகையறிவிப்பான் அலறிவிடும் என்று அப்பா அதன் மேல் துண்டைக் கட்டியிருந்தார். "பெரியம்மாவுக்கு ஒரு கிண்ணம் எடுத்துட்டுப் போங்க. பாவம், அவளுக்கும் ஊர் ஞாபகம் வரும்," என்றார்.

வேலை முடிந்து பேருந்தில் அம்மாவிடம் சொன்னேன். ஐந்தே முக்கால் மணி. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னேன். அம்மா இடது உள்ளங்கையை விரித்து, கவிழ்த்து, மறுபடி கவிழ்த்துப் பார்த்தாள். அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. படம் வரையப் படித்தவள்.

மூன்று நிறுத்தம் போன பிறகு, "நான் விரிச்சுப் பாக்கலடி," என்றாள்.

"ஃபோன்ல இருந்தம்மா."

"ஃபோன் இல்லன்னாலும் பாத்திருக்க மாட்டேன். நீ வெட்டுனதுன்னு போட்டுட்டேன்."

இன்னும் இரண்டு நிறுத்தம்.

"வெள்ளிக்கிழம சொல்லிக்கலாம். ரெண்டு நாளுதான? நானே கொலெத்கிட்ட சொல்றேன். நீ வாயத் தொறக்காத."

எனக்கு அதுதானே வரும். சரி என்றேன். நிம்மதியாகக்கூட இருந்தது.

வீட்டுக்கு வந்து அம்மா ஒத்திகை பார்க்கவில்லை. பொங்கல் பாத்திரத்தை வெகுநேரம் தேய்த்தாள். நான் ரோலின் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். இம்முறை ஒவ்வொரு படியையும் சரிபார்த்துத்தான் செய்வார்கள்: வெட்ட ஒரு நாள், தைக்க ஒரு நாள், ஓரம் கட்டிச் சோதிக்க ஒரு நாள். நாளை சொன்னால் திங்களுக்குள் முடியும். வெள்ளி சொன்னால் முடியாது. பெரியம்மாவை வெப்பச் சோதனை அறைக்குள் அனுப்ப ஒரு வருடத்துக்கு முன்பே தேதி வாங்கியிருக்கிறார்கள். அந்தத் தேதி போனால் அடுத்த தேதி எப்போது என்று யாருக்கும் தெரியாது.

அம்மாவுக்கும் இந்தக் கணக்கு தெரியும். என்னைவிட நன்றாகத் தெரியும்.

புதன், 15 ஜனவரி

காலைப் பேருந்தில் நாங்கள் பேசவில்லை.

வட்டம். கதவுப் பக்கம் முதலில் ழெரோம், எர்-ஆ-எஸ். இரண்டாவது கிறிஸ்தோஃப், நூல் வந்துவிட்டது என்றான். மூன்றாவது நான்.

வாயைத் திறந்தேன். முதல் எழுத்து வரவில்லை. இது எனக்குப் பழக்கமான இடம்தான். பள்ளியில் கடைசித் தேர்வுக்கு முந்தைய ஒத்திகையில், மூன்று பேர் முன்னால் பத்து நிமிடம் பேச வேண்டும். நான் நான்கு நிமிடம் நின்றேன். ஒரு சொல்லும் வரவில்லை. ஒரு அம்மாள் எனக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள், அது இன்னும் மோசமாக இருந்தது. அதன் பிறகு தினமும் பள்ளிப் பேருந்து நிறுத்தம்வரை போவேன், பேருந்து போனதும் திரும்பி வருவேன். பள்ளி போதும் என்று தோன்றியதாகத்தான் எல்லாரிடமும் சொன்னேன். இங்கேயும் அப்படித்தான் எழுதினேன்.

இன்று ஆணியில் தொங்கிய காகித மகுடத்தைப் பார்த்தேன். அதைப் பார்த்தே பேசினேன்.

"அலமாரியில் இருக்கிற இரண்டு தோளும் இடது. நான் வெட்டியது."

மிஷல், "மறுபடி சொல்லு," என்றார். அதட்டவில்லை, புரியவில்லை அவருக்கு. மறுபடி சொன்னேன். ரோல் மாறியது, அச்சைக் கவிழ்த்தது, எல்லாம். உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டினேன், அம்மா பேருந்தில் செய்ததுபோல. பாதியில் என் பிரெஞ்சு உடைந்தது. பரவாயில்லை, முடிக்கும்வரை நிற்கவில்லை.

நான்காவது, ஐந்தாவது ஆட்கள் அவசரமாக எர்-ஆ-எஸ் என்றார்கள். முறைப்படி அடுத்தது அம்மா. அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. அவள் சொன்னால் போதும், வெட்டியது பயிற்சியாள், நான் பார்க்கத் தவறினேன் என்று. அதோடு முடிந்துவிடும்.

"இரண்டாவது கையெழுத்து என்னுடையது," என்றாள். "விரித்துப் பார்க்காமல் போட்டேன். என் மகள் வெட்டியது என்பதால் பார்க்கவில்லை. வேறு யார் வெட்டியிருந்தாலும் பார்த்திருப்பேன்."

கொலெத் தலையாட்டிவிட்டு மஞ்சள் தாளை எடுத்தாள்.

"இன்னும் முடியவில்லை," என்றாள் அம்மா. "நேற்று ஐந்தே முக்காலுக்கு இவள் என்னிடம் சொல்லிவிட்டாள். வெள்ளிக்கிழமைவரை வாயைத் திறக்காதே என்று நான்தான் சொன்னேன். நாளைக்கு எனக்கு நேர்காணல் இருப்பதால்."

இதை யாரும் கேட்கவில்லை. யாருக்கும் தெரியவும் வாய்ப்பில்லை. பேருந்தில் தமிழ் புரிந்தவர்கள் நானும் அவளும் மட்டும்தான்.

கொலெத் பேனாவை மூடித் திறந்தாள். "ஐந்தே முக்காலா, ஆறா?" என்றாள்.

"ஐந்தே முக்கால்."

எழுதிக்கொண்டாள். நேரத்தை எழுதும்போது அவள் முகத்தில் ஒன்றும் தெரியாது. எழுதி முடித்துவிட்டு அம்மாவின் தோளில் ஒருமுறை கையை வைத்து எடுத்தாள்.

ழெரோம்தான் முதலில் பேசினான். "ரோலில் இன்னும் எத்தனை மீட்டர் இருக்கு?"

ஆறு மீட்டர் இருந்தது. போதும்.

இன்று மாலைக்குள் வலது தோளை வெட்டிவிட்டேன். அம்மா பக்கத்திலேயே வரவில்லை. ழெரோம் தரையில் மண்டியிட்டு, அச்சை இருபுறமும் வைத்துப் பார்த்து, பெரியம்மாவின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டான். அச்சின் ஒரு பக்கத்தில் பொன்னிறப் புள்ளியும் மறுபக்கத்தில் வெள்ளிப் புள்ளியும் ஒட்டிவைக்கலாமே, மேலே தெரிகிற படலத்தின் நிறமும் புள்ளியின் நிறமும் ஒன்றாக இருந்தால் இடது, வேறாக இருந்தால் வலது என்று அவனிடம் சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன். "சத்தமா சொல்லு, மேசைக்கடியில இருந்து சொன்ன மாதிரி," என்றான்.

வியாழன், 16 ஜனவரி

அம்மா நீலக் கோட்டில் பத்து மணிக்கு உள்ளே போனாள். பதினொன்றேகாலுக்கு வெளியே வந்தாள். ழெரோம் பதினொன்றரைக்குப் போனான். கதவருகில் இருவரும் சந்தித்தபோது அவள் அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள்.

மாலையில் பேருந்தில் கேட்டேன்.

"மஞ்சத் தாள் மேசமேலயே இருந்துச்சு. வெட்டுனதும் கையெழுத்தும் சரி, மூணாவதா உங்க பொண்ண மறைக்கச் சொன்னத ஏன் மதாம் சொன்னீங்க, அது யாருக்குமே தெரிஞ்சிருக்காதேன்னு ஒருத்தர் கேட்டார்."

"நீ என்ன சொன்ன?"

"என் பொண்ணுக்குத் தெரியும்ல, அப்படின்னேன்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"அப்புறம், இனிமே இப்படி நடக்காம இருக்க என்ன செய்வீங்கன்னாங்க. புள்ளி ஒட்டுறதச் சொன்னேன். யாரோட யோசனன்னு கேட்டாங்க. எங்க பயிற்சியாளோடதுன்னு சொன்னேன்."

"உன் பொண்ணோடதுன்னு சொல்லலியா?"

"எதுக்கு? அப்புறம் அத யாரு நம்புவா?"

கொஞ்சம் கோபம் வந்தது. வீட்டுப் படி ஏறும்போது, பயிற்சியாள் என்ற சொல்லை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். அதுதான் நல்லதாக இருந்தது. மகளாக யாரும் பிறந்துவிடலாம்.

வேலை கிடைக்காது என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு அம்மா சோறு வடித்தாள். அப்பா இன்று ஒரு ஜோக்கும் சொல்லவில்லை. அவள் தட்டில் அப்பளத்தை மட்டும் இரண்டாக வைத்தார்.

சனி, 18 ஜனவரி

சனிக்கிழமையும் பட்டறை. நான், ழெரோம், கொலெத். ஓரம் கட்டி முடித்தோம். ஊசிகள் எண்ணி வைத்தோம், பதினான்கு.

திங்கள், 20 ஜனவரி

இன்று பெரியம்மாவை நேரில் பார்த்தேன்.

பெரிய கூடம் ஒரு தேவாலயம் அளவு இருக்கிறது. தலைமுதல் கால்வரை வெள்ளை உடை, கண் மட்டும் வெளியே. நடுவில் அவள் நின்றாள், எங்கள் பேருந்தைவிட உயரமாக. பாதி உடம்பில் போர்வை இல்லை, கம்பிகளும் பெட்டிகளும் தெரிந்தன. பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்டதுபோல இருந்தது.

ழெரோம் இடது தோளை மாட்டினான். வலது தோளை என்னிடம் நீட்டினான். அம்மா தூரத்தில், தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டுக்கு வெளியே நின்றாள். ஏணியில் மூன்று படி ஏறினேன். வளைவில் வைத்தேன். பசைப்பட்டை ஒட்டும் சத்தம் வந்தது, சர்ரென்று. ஒரு மில்லிமீட்டர்கூட மிச்சமில்லை.

மேலே போன பிறகு இதை யாரும் பார்க்கப்போவதில்லை. ஆனால் நாற்பது டிகிரி வடக்கிலோ தெற்கிலோ ஏதோ ஒரு கடலில் அலை எழும்பும்போதெல்லாம் அதை அளக்கும் ஆன்டெனாவின் வலது தோளில் நான் தைத்த நூல் இருக்கும். இடதிலும்.

திரும்பியபோது அம்மாவின் கண் மட்டும் தெரிந்தது. மூடித் திறந்தாள். உடனே ழெரோமைக் காட்டி, அவன் சரி சொல்லும்வரை இறங்காதே என்று விரலால் சைகை செய்தாள்.

வெள்ளி, 24 ஜனவரி

அம்மாவுக்குத்தான்.

மிஷல் நாலு மணிக்குக் கூப்பிட்டுச் சொன்னார். அம்மா திரும்ப வந்து தன் இடத்தில் உட்கார்ந்து, விட்ட தையலை முடித்துவிட்டுத்தான் எங்களிடம் சொன்னாள். ழெரோம் முகம் ஒரு நிமிடம் சிவந்தது. பிறகு கையுறையைக் கழற்றிவிட்டுக் கை கொடுத்தான். "அந்த மூணாவத நான் சொல்லியிருக்க மாட்டேன் அமுதா. ரெண்டோட நிறுத்தியிருப்பேன். அதத்தான் அன்னிலேர்ந்து யோசிச்சிட்டிருக்கேன்," என்றான்.

அப்பா பேருந்திலேயே ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டாராம். "பயணிகளுக்கு ஓர் அறிவிப்பு. என் மனைவி பட்டறைத் தலைவியாகிவிட்டார். அடுத்த நிறுத்தம் மருத்துவமனை." ஒரு கிழவர் இறங்கும்போது கை குலுக்கினாராம்.

அந்தக் கட்டடத்தில் தரை துடைத்தவர் யாரும் அதற்கு முன் பட்டறைத் தலைவர் ஆனதில்லை என்று கொலெத் சொன்னாள். அவள் எண்ணிப் பார்க்காமல் எதையும் சொல்ல மாட்டாள்.

சித்திக்குப் போன் செய்தோம். சமையல் இல்லை என்று அப்பா அரை மணி நேரம் விளக்கினார்.

ஞாயிறு, 2 மார்ச்

நாளையிலிருந்து அம்மா தலைவர். இன்று சாப்பாட்டு மேசையில் இரண்டு விஷயம் சொன்னாள். வீட்டில் சொல்கிற மாதிரி இல்லை, பட்டறையில் சொல்கிற மாதிரி.

"நாளைலேர்ந்து நீ ழெரோம் குழு. உன் வேலைல என் கையெழுத்து இனிமே வராது."

"சரி."

"ரெண்டாவது. வட்டத்துல எர்-ஆ-எஸ் கிடையாது. யாருக்கும். கை என்ன செஞ்சுதோ அத ஒரு வரியில சொல்லணும். தப்பில்லாட்டியும் சொல்லணும்."

"அம்மா, தினமுமா?"

"தினமும்."

"எனக்காகவா இத வெச்ச?"

"உனக்குன்னு ஒரு சட்டம் போட எனக்கு வேற வேல இல்லையா?" என்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

நாளைக்குச் சொல்ல வேண்டிய வரியை மூன்று முறை எழுதிப் பார்த்துவிட்டேன். நேற்று ஞாயிறு, கை ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமை வேலையைச் சொல்லலாம். அல்லது வேறொன்று இருக்கிறது.

திங்கள், 3 மார்ச்

எட்டரை. அம்மா மிஷலின் இடத்தில், கதவுக்கு எதிரே நின்றாள். கோட்டு புதிது இல்லை, அதே நீலம். புது விதியைச் சொன்னாள். எல்லாரும் முனகினார்கள்.

நான் மூன்றாவது இடத்தில் நிற்கவில்லை. கதவுப் பக்கம் முதலில் நின்றேன்.

"வெள்ளிக்கிழமை வலது பக்கத்துப் பட்டி நான்கு வெட்டினேன். பொன்புள்ளி மேலே. ழெரோம் விரித்துப் பார்த்தான்," என்றேன். பிறகு பையில் கையை விட்டு, நீல மீனை எடுத்து உள்ளங்கையில் நீட்டினேன். "ஏழாம் தேதி ஜனவரி, பொம்மை என் துண்டில் இருந்தது."

யாருக்கும் சட்டென்று புரியவில்லை. கொலெத்துக்குத்தான் முதலில் புரிந்தது. "எட்டு வாரம்," என்றாள். "எட்டு வாரமா நான் அந்த பேக்கரிக்காரன்மேல சந்தேகப்பட்டிருக்கேன்." குனிந்து மீனை வாங்கி, இருபுறமும் திருப்பிப் பார்த்து, "கணக்கு சரி," என்றாள்.

ழெரோம் ஆணியிலிருந்து மகுடத்தை எடுத்து, தூசி ஊதி, என் தலையில் வைத்தான். பெரிய அளவு. காதுவரை இறங்கியது. எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

அம்மா சிரிக்கவில்லை. குறிப்பேட்டைப் பார்த்து, "அடுத்து," என்றாள்.

கூடத்துக்குள் சாதாரணக் காகிதம் கொண்டுபோகக் கூடாது. அதனால் வட்டம் முடியும்வரை மட்டும்தான் வைத்திருக்க முடியும். எட்டு பேர் சொல்லி முடிக்கப் பதினொரு நிமிடம் ஆனது. நான் கழற்றவில்லை.